வெர்னா முதலில் பாடிய பாட்டு

நாஷ்வில்லிலிருந்து வடக்கே கென்டக்கி எல்லை வரைக்கும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் வெர்னா டீக் ஒரு பாடகி என்று யாருக்கும் தெரியாது. ஜூக்பாக்ஸ்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். காசு போட்டு எண்ணை அமுக்கினால் பாடுகிற பெட்டிகளுக்கு வாரா வாரம் புது இசைத்தட்டு மாற்றிப் போடுவதுதான் அவள் வேலை. முப்பத்தாறு வயது. நெட்டையான உடம்பு, செம்பட்டை முடி, இடுப்பில் நாற்பது சாவி தொங்கும் வளையம். அவள் வேனை விட்டு இறங்கும் முன்பே சாவிச் சத்தம் கடைக்குள் வந்துவிடும்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு தட்டுக்கும் நேராக ஒரு சின்ன எண் தெரியும். போன வாரம் அந்தத் தட்டு எத்தனை தடவை ஓடியது என்பதைச் சொல்லும் எண் அது. ஓடாததை எடுத்துவிட வேண்டும், ஓடுவதை வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுப் பெயரையும் பாடியவர் பெயரையும் சின்னச் சீட்டில் தட்டச்சு செய்து கண்ணாடிக்கு உள்ளே செருக வேண்டும். இதை அவள் ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. 1974-ம் வருஷம் மார்ச் மாதம் வரைக்கும்.

அந்த மார்ச்சில்தான் நெல்டா க்ரவுச் பாடிய 'கேட்டைச் சாத்தியிருக்கலாம்' வெளியே வந்தது.

அந்தப் பாட்டு வெர்னாவின் பாட்டு. எழுதியவள் அவளில்லை, ஆனால் முதலில் பாடியவள் அவள்தான். அதைவிட முக்கியம், நெல்டா அதை வேண்டாம் என்று சொன்னபோது பக்கத்தில் நின்றவளும் அவள்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஆற்றுக்குக் கிழக்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து குடியிருந்தார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்த மலை ஊர்க்காரிகள். ஒரே சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள், ஒரே பஸ்ஸில் நாஷ்வில் வந்தவர்கள். பெரிய பாடகர்களின் ஒலிப்பதிவுகளில் பின்பாட்டுப் பாடுவதுதான் பிழைப்பு. ஒருநாள் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. ரிப்பேர் செய்ய வந்தவர் ஹாலிஸ் ப்ரூவிட். நாஷ்வில்லில் குழாய் ரிப்பேர்காரனும் பாட்டெழுதுவான், முடி வெட்டுகிறவனும் பாட்டெழுதுவான். ஹாலிஸும் எழுதுவார். தலை தொட்டிக்கு அடியிலும் கால் இரண்டும் வெளியிலுமாகப் படுத்துக்கொண்டு, தானாகவே பாட ஆரம்பித்தார்.

*போறவன் போனா போகட்டும், போ,*
*போற வழியில கேட்டைச் சாத்தியிருக்கலாம்;*
*பதினோரு மாடு ரோட்டுல நிக்குது,*
*உன்னை நினைக்க எனக்கேது நேரம்?*

நெல்டா சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அண்ணன் டெட்ராய்ட்டுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்டுப் போன காலையில் பண்ணை கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனான். அவள் வளர்த்த கன்றுக்குட்டி அந்த வழியாக வெளியேறித் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்தது. அண்ணனும் பிறகு வரவில்லை.

"மிஸ்டர் ஹாலிஸ், நல்லாத்தான் இருக்கு. ஆனா மாட்டுப் பாட்டெல்லாம் நான் பாட மாட்டேன்" என்றாள் நெல்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதை நேரா மாட்டுக்கிட்டயே குடுத்துடுங்க."

"நான் பாடறேன்" என்றாள் வெர்னா.

"பாத்தீங்களா, மாடு கிடைச்சிருச்சு" என்றாள் நெல்டா.

அந்தச் சொல்லுக்கு அன்று மூன்று பேருமே சிரித்தார்கள். வெர்னா உள்பட.

இரண்டு வருஷம் கழித்து, ரெட் சீடர் என்ற ஒரு சின்னக் கம்பெனி வெர்னாவை வைத்து அதைப் பதிவு செய்தது. எட்டு வயலின் வைத்து, மெதுவாக, கண்ணீர் சொட்டச் சொட்டப் பாடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒலிப்பதிவுக்காரன் மூக்கைச் சிந்தினான். அதைப் பார்த்து அவள் தன் வாழ்க்கை மாறிவிட்டது என்றே நினைத்தாள். தட்டு வெளியே வந்தது. பவுலிங் கிரீன் என்ற ஊரில் ஒரே ஒரு வானொலி நிலையம் மூன்று வாரம் போட்டது, அதுவும் பன்றி விலை நிலவரம் சொல்லி முடித்த பிறகு. பிறகு அதுவும் நின்றது. அடுத்த வருஷம் ரெட் சீடர் கம்பெனியே இல்லை. விற்காத தட்டுகளை நான்கு அட்டைப் பெட்டியில் போட்டு அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்தப் பதிவில் அவளுக்குக் கிடைத்தது ராய்ஸ் மட்டும்தான். ஸ்டீல் கிட்டார் வாசித்தவன். மடியில் வைத்த கருவியைக் குனிந்து பார்த்தபடியே வாசிக்கிறவன், பேச்சும் அப்படித்தான், தரையைப் பார்த்து. கல்யாணம் செய்துகொண்டார்கள். அவனுக்கு வாசிக்க வேலை வந்துகொண்டே இருந்தது. அவளுக்குப் பாட வருவது குறைந்து, நின்று, கடைசியில் ஜூக்பாக்ஸ் வேலை வந்தது.

நடுவில் 1970-ல் கில் சாண்டிஃபர் என்ற ஒரு பாடகன் அந்தப் பாட்டை எடுத்துப் பாடினான். அவனைக் கட்டியவள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு ஓடினாள் என்று ஆண் பாடுவதாக மாற்றி, குதிரை ஓடுகிற வேகத்தில் பாடினான். அதிகம் ஓடுகிற பாட்டுகளின் வாரப் பட்டியலில் முப்பத்தெட்டாவது இடம் வரை ஏறியது. வெர்னாவுக்கு வயிறு எரிந்தது, ஆனால் தாங்கக்கூடிய எரிச்சல். 'ஆம்பளைக் குரலுக்கு வேற கணக்கு' என்று சொல்லிக்கொண்டாள். அவன் பதினைந்தாவது இடத்துக்கு வராமல் முப்பத்தெட்டிலேயே நின்றது பெரிய உதவியாக இருந்தது.

நெல்டா விஷயம் அப்படியில்லை.

முதன்முதலில் அதைக் கேட்டபோது வெர்னா ஆற்றுப் பாலத்தின் மேல் வேனில் போய்க்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணி. வானொலியில் ஸ்டீல் கிட்டார் நான்கு சுரம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான்காவது சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் படுத்து எழுந்திருக்கிற மனுஷனின் விரல் தெரியாதா? 'ராய்ஸ் புதுசா எதுலயோ வாசிச்சிருக்கான்' என்று நினைத்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள். அதற்குப் பிறகு நெல்டாவின் குரல் வந்தது. அழவில்லை, அரற்றவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பாடினாள். 'பதினோரு மாடு' என்ற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் சமையலறையில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஜனவரியில ஒரு வியாழக்கிழமை சொல்லாமப் போனியே, எங்க போயிருந்த?" என்றாள்.

ராய்ஸ் ரொட்டியைப் பார்த்தான். "கேட்டுட்டியா?"

"கேட்டேன். ஊரே கேக்குது. நான் மட்டும் காதுல பஞ்சு வெச்சுக்கணுமா?"

"கூப்பிட்டாங்க, போனேன் வெர்னா. என்ன பாட்டுன்னு அங்க போனப்புறம்தான் தெரியும்."

"தெரிஞ்சப்புறம்? எந்திரிச்சு வர்றதுக்குக் கால் இல்லையா?"

"வேலைம்மா அது."

"என் பாட்டுக்கு எட்டு வயலினுக்கு அடியில கொசு மாதிரி வாசிச்ச. அவளுக்கு மட்டும் அப்படி வழுக்கி வழுக்கி வாசிச்சிருக்க. யாரு சொல்லிக் குடுத்தா அதை?"

ராய்ஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான். பிறகு, "அப்பவே வாசிக்கணும்னு நினைச்சதுதான்" என்றான். "உன் பதிவுல இடம் கிடைக்கல."

அவன் உண்மையைத்தான் சொன்னான். அது அவளுக்குத் தெரிந்ததுதான் இன்னும் கேடாகப் போயிற்று. அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கழுவினாள். அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

ஏப்ரலில் பாட்டு பட்டியலில் இருபதுக்குள் வந்தது. மே மாதம் முதலிடம். மருந்துக் கடையில் பத்திரிகை அடுக்கில் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பாள், வாங்க மாட்டாள். இந்த வாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே புரட்டுவாள். இறங்கவில்லை. சர்ச்சில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சிநேகிதி எங்கியோ போயிட்டா, இல்ல? உனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!" என்றார்கள். "ஆமா, ரொம்ப" என்று பல் தெரியச் சிரித்தாள். தாடை வலித்தது. சாப்பாடு இறங்கவில்லை. நெல்டா ஏதோ ஒரு மேடையில் தடுக்கி விழுந்தாள் என்று யாரோ சொன்னபோது, "அய்யய்யோ, அடி பட்டுச்சா?" என்று கேட்டாள். படவில்லை என்றார்கள். அன்றைக்கு முழுதும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

இதையெல்லாம் கூட அவள் பொறுத்திருப்பாள். பெட்டிக்குள்ளே இருந்த எண்ணைத்தான் பொறுக்க முடியவில்லை. நெல்டாவின் பெயரை அவளே தட்டச்சு செய்தாள், அவளே கண்ணாடிக்குள் செருகினாள். வாரா வாரம் ஒவ்வொரு கடையிலும் மூடியைத் தூக்கி நெல்டா எத்தனை தடவை ஓடினாள் என்று பார்க்க வேண்டியவளும் அவளேதான். எழுபத்து நான்கு. தொண்ணூற்றொன்று. எல்லைக்குப் பக்கத்தில் ஃபிராங்க்ளின் ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கிற ஓட்டலில் ஒரே வாரத்தில் நூற்று முப்பது.

அந்த நூற்று முப்பதைப் பார்த்த செவ்வாய்க்கிழமைதான் அவள் அதைச் செய்தாள். யோசித்துச் செய்யவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒரு கட்டுத் தட்டை வேனில் எடுத்து வைத்தது யார்? நெல்டாவின் தட்டை எடுத்தாள். அதே இடத்தில் தன் தட்டை வைத்தாள். பெயர்ச்சீட்டைத் தொடவில்லை. வெளியே 'நெல்டா க்ரவுச்' என்று இருந்தது, உள்ளே வெர்னா இருந்தாள். மூடியைச் சாத்திப் பூட்டினாள். ஒரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு முன்மேசையில் போய் உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷத்தில் ஒரு லாரிக்காரன் எழுந்து போய்க் காசு போட்டான். வயலின்கள் ஆரம்பித்தன. வெர்னாவின் குரல் அந்தக் கடையில் எழுந்தது, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய குரல். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். இதோ இப்போது கேட்பார்கள், இதோ யாராவது தலையைத் தூக்கி 'யாரிது?' என்பார்கள்.

லாரிக்காரன் தலையைத் தூக்கினான். "ஏங்க, உங்க மிஷின் மெதுவா ஓடுதுங்க" என்றான்.

பரிமாறுகிற பெண் இமோஜீன் காபிக் குடுவையோடு நின்று காது கொடுத்தாள். "ஆமா கண்ணு. பெல்ட்டு தேஞ்சிருக்கும்" என்றாள். பிறகு வெர்னாவைப் பார்த்து, "நீ இங்கதானே இருக்க? கொஞ்சம் பாரேன்" என்றாள்.

வேறு யாராவது அத்தோடு விட்டிருப்பார்கள். வெர்னாவுக்கு வீம்பு வந்துவிட்டது. எழுந்து போய், ஒன்றும் கெட்டுப்போகாத பெட்டியைத் திறந்து, திருப்புளியால் நாலு இடத்தில் தட்டிவிட்டு மூடினாள். அன்று மட்டும் ஐந்து கடையில் மாற்றினாள். அடுத்த வாரத்துக்குள் பதினோரு கடை. இரண்டாவது வாரம் அவளுடைய முதலாளி பீஸ்லி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, வடக்கு லைன்ல இருந்து தினம் போன் வருது. எல்லாப் பெட்டியும் மெதுவா ஓடுதாம். அதுவும் ஒரே பாட்டுக்கு மட்டும் மெதுவா ஓடுதாம். இது எந்த ஊர் வியாதி?"

"பாக்கறேன் சார்."

"தட்டு ஏதாவது கெட்டதா வந்திருச்சா?"

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "இருக்கலாம் சார்" என்றாள். தன் வாயால் தன் தட்டைக் கெட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் நெல்டாவின் மேலேயே கோபம் வந்தது.

எடுத்துவிடலாம் என்றுதான் அடுத்த செவ்வாய் கிளம்பினாள். ஃபிராங்க்ளின் ஓட்டலில் அவள் உள்ளே நுழைந்ததுமே இமோஜீன் மேசை துடைக்கிற துணியோடு ஓடி வந்தாள்.

"சனிக்கிழமை நீ இங்க இருந்திருக்கணும் கண்ணு! நெல்டா க்ரவுச் வந்திருந்தா. வெளிய இவ்ளோ பெரிய பஸ்ஸு, அதுல அவ படம். எல்லாரும் கையெழுத்து வாங்கினாங்க. 'உங்க பாட்டு இருக்கு, போடட்டுமா'ன்னு நான்தான் போட்டேன். பாத்தா அதே மெதுவா ஓடற வியாதி. எனக்கு மானம் போச்சு."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய் பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு நின்னா. முடிஞ்சதும் மறுபடியும் போட்டா. மூணு தடவை கேட்டா. அப்புறம் இந்தப் பெட்டி யார் பொறுப்புன்னு கேட்டா. உன் பேரைச் சொன்னேன். என்னைக்கு வருவான்னு கேட்டா, செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேன்."

இமோஜீன் ஜன்னலோரம் கடைசி மேசையைக் காட்டினாள். அங்கே தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கோப்பை ஆறிப்போன காபி.

திரும்பிப் போய்விடலாமா என்று வெர்னா நினைத்தாள். சாவிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. நெல்டா கண்ணாடியைக் கழற்றினாள். டிவியில் தெரிவதைவிட இளைத்திருந்தாள்.

"வா, உக்காரு. வியாதியைக் குணப்படுத்த வந்தியா?"

வெர்னா உட்கார்ந்தாள். "பீஸ்லிகிட்ட சொல்லப் போறியா?"

"யாரு பீஸ்லி? எனக்கெதுக்குடி பீஸ்லி? எத்தனை கடையில?"

"பதினொண்ணு."

"சரியாப் போச்சு. பதினோரு மாடு." நெல்டா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்கு வந்த ஆத்திரத்துல சனிக்கிழமையே உன் வீட்டுக்கு வந்து உன் முடியைப் பிடிச்சிருப்பேன். நிகழ்ச்சி இருந்துச்சு, தப்பிச்ச."

"வந்திருக்கணும். எனக்கும் ரெண்டு கை இருக்கு."

"உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன் நான்? பாட்டு உன் பேர்ல எழுதி வெச்சிருக்கா? கில் சாண்டிஃபர் பாடினப்ப சும்மாதானே இருந்த?"

"மாட்டுப் பாட்டுன்னு சொன்ன. என்னை மாடுன்னு சொன்ன."

"அதை இன்னுமா தூக்கிட்டுத் திரியற?"

"என் புருஷனையே கூட்டி வெச்சு வாசிக்க வெச்ச!"

"அவன் ஊர்லயே நல்லா வாசிக்கிறவன். அவனை விட்டுட்டு வேற யாரை வெச்சுக்கறது, உனக்குக் கோபம் வரும்னா?" நெல்டா குரலைத் தாழ்த்தினாள், பக்கத்து மேசையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு ஒண்ணு சொல்றேன், கேளு. என் தட்டுல மூணாவது சரணம் இருக்கா?"

வெர்னா யோசித்தாள். இல்லை. அது ஏன் இல்லை என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. எண்ணைப் பார்க்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. மற்ற மாடுகள் எல்லாம் திரும்பி வந்த பிறகு, கடைசி மாடு மட்டும் அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டே நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது என்று வரும் சரணம் அது.

"ஒன்பது தடவை பாடிப் பாத்தேன்" என்றாள் நெல்டா. "ஒவ்வொரு தடவையும் நீ பாடினதுதான் காதுல வந்துச்சு. நீ பாடினா அந்த மாடு நிக்கறது தெரியும். நான் பாடினா மாடுன்னு ஒரு வார்த்தைதான் இருக்கு. வெட்டிடுங்கன்னு சொல்லிட்டேன். ராய்ஸ் அங்கதான் இருந்தான், அவனைக் கேளு. சனிக்கிழமை இங்க நின்னு மூணு தடவை கேட்டேன் பாரு, அதுக்காகத்தான் கேட்டேன். முதலிடத்துல இருக்கேன், பஸ்ல என் படம் இருக்கு, இந்த எண்ணெய் நாத்தத்துல நின்னுக்கிட்டு உன்னைப் பாத்து எரியறேன்."

கதையில் இந்த இடத்தில் வெர்னா அழுது, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வெர்னாவுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது உண்மைதான். ஆனால் அது ஒரு வாய் ஐஸ் டீ அளவுக்குத்தான். அடுத்த நொடியே, 'அப்படியிருந்தும் முதலிடத்துல நீதானே இருக்க' என்று மனசு சொன்னது. ஒரு சரணத்தை விட்டுவிட்டுப் பாடியும் முதலிடம். அது இன்னும் கொடுமை இல்லையா?

"ஒண்ணு செய்வோம்" என்றாள் நெல்டா. "அடுத்த மாசம் மேடைக்கு வா. நான் ரெண்டு சரணம் பாடறேன், மூணாவது நீ பாடு. இவதான் முதல்ல பாடினவன்னு நானே சொல்றேன்."

"உன் மேடையில, உன் ரசிகர் கூட்டத்துக்கு முன்னாடி, நீ பாவம் பாத்துக் குடுத்த ஒரு சரணம்."

"பாவம் பாத்து இல்லடி…"

"வேண்டாம் நெல்டா."

"திமிரு."

"ஆமா."

நெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். வெர்னா பெட்டியைத் திறந்து நெல்டாவின் தட்டைத் திரும்ப வைத்தாள். அன்றே மற்றப் பத்துக் கடைகளிலும் வைத்தாள். பீஸ்லிக்கு வியாதி தீர்ந்தது போதுமாக இருந்தது, மேலே கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டில் ராய்ஸிடம், "மூணாவது சரணத்தை ஒன்பது தடவை பாடினாளாமே, நீ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"பத்து தடவை" என்றான் ராய்ஸ். "அவ பேரைச் சொன்னாலே நீ தட்டைப் பிடுங்கிக் கழுவற. எப்ப சொல்றது?"

அன்றைக்கு அவள் ஒரு முழுத் தட்டு பீன்ஸ் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நெல்டாவுக்கு இன்னும் நான்கு பாட்டு ஓடியது, பிறகு ஓடவில்லை. பஸ்ஸில் இருந்த படம் வெளுத்தது, பிறகு பஸ்ஸும் போயிற்று. அந்தச் செய்தி ஒவ்வொன்றும் எப்படியாவது வெர்னாவின் காதுக்கு வந்து சேரும். அவள் தேடிப் போய்க் கேட்டாள் என்று சொல்ல முடியாது, ஆனால் வந்ததைத் தள்ளவும் இல்லை. ஜூக்பாக்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடினாள். அங்கே புதிதாக வந்த உச்சஸ்தாயிக்காரி ஒருத்தி மேலும் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

1993-ல் ஒரு காலை போன் அடித்தது.

"டிவி பாத்தியா?" பெயர் சொல்லாமல், எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் ஒரு குரல். வெர்னாவுக்கு அந்தக் குரலைத் தெரியாமல் போகுமா?

"எதை?"

"ட்ரினா மேபர்ன்னு ஒரு சின்னப் பொண்ணு. இருபது வயசு இருக்கும். நம்ம பாட்டைப் பாடியிருக்கா. மேளம் வெச்சுக்கிட்டு, டிராக்டர் மேல ஏறி நின்னுக்கிட்டு. ஜீன்ஸைத் தோலோட சேத்துத் தெச்ச மாதிரி போட்டுக்கிட்டு! போன மாசத்துல இருந்து முதலிடம்."

"நம்ம பாட்டா?" என்றாள் வெர்னா. அந்த 'நம்ம' அவள் காதில் உறுத்தியது. கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

"அது இருக்கட்டும். பேட்டியில என்ன சொல்றா தெரியுமா? இது பழைய பாட்டாம், எழுதினவர் பேர் மட்டும்தான் தெரியுமாம். முதல்ல யார் பாடினாங்கன்னு யாருக்குமே தெரியாதாம்!"

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் பெண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். மூச்சு எங்கே எடுக்கிறாள், உச்சரிப்பு எந்த ஊர், ஒரு மாட்டையாவது கிட்டத்தில் போய்த் தொட்டிருப்பாளா. நெல்டா ஹாலிஸ் ப்ரூவிட்டைக் கூப்பிட்டுக் கேட்டால், எண்பது வயதில் மனுஷன் குஷியாக, "நல்ல பொண்ணும்மா, எனக்குப் பூங்கொத்து அனுப்பிச்சா" என்கிறாராம். எழுதினவனுக்கு என்ன, யார் பாடினாலும் அவன் பாட்டுத்தானே என்று இருவரும் அவரையும் ஒரு பாட்டம் திட்டினார்கள்.

ஆகஸ்ட் மாதம் மாவட்டக் கண்காட்சியில் ட்ரினா மேபர்ன் பாடுகிறாள் என்று விளம்பரம் வந்தது. பிற்பகல் நான்கு மணி. எவ்வளவு மோசம் என்று நேரிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நெல்டா சொன்னாள். ராய்ஸ் வண்டி ஓட்டினான், பின்சீட்டில் இரண்டு பேரும் வழியெல்லாம் பேசினார்கள். எட்டாவது வரிசையில் இடம். நெல்டாவை இரண்டு பேர் அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார்கள், வெர்னாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் அதைக் கவனித்தாள், கவனிக்காத மாதிரி இருந்தாள்.

கடைசிக்கு முந்தைய பாட்டாக அது வந்தது. மேளம் விழுந்ததும் திடலில் இவர்கள் மூன்று பேரைத் தவிர எல்லோரும் எழுந்தார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கூட வார்த்தை தெரிந்திருந்தது. அந்தப் பெண் அழவும் இல்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேசவும் இல்லை. தொலைந்த மாட்டைத் தேடுகிறவள் ஊரையே கூப்பிடுகிற மாதிரி, வாயைத் திறந்து கூப்பிட்டாள். ஐயாயிரம் பேர் பதில் கொடுத்தார்கள். வெர்னாவுக்கு வழக்கமான அந்த எரிச்சல் வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அது எங்கே ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதற்கு வழிவிட்டாள்.

ஆனால் அன்று அவள் கை வலித்தது. குனிந்து பார்த்தாள். நெல்டா அவள் முன்கையை இரண்டு கையாலும் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்திருந்தது. நெல்டாவின் முகம் வெளுத்து, உதடு ஒட்டிப்போய் இருந்தது.

"விடுடி, வலிக்குது" என்றாள் வெர்னா.

"வா போகலாம்" என்றாள் நெல்டா. "இதையெல்லாம் மனுஷி கேப்பாளா? கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிக்குப் போயிடலாம். ராய்ஸ், எந்திரிங்க."

ராய்ஸ் எழுந்திருக்கப் போனான். வெர்னா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். முப்பது வருஷத்தில் தன்னைவிடப் பெரிதாக எரிகிற ஒருத்தியை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இல்லை. கையில் வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றை ஒரு வாய் உறிஞ்சினாள். குளிர்ச்சியாக இருந்தது. காலை நீட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இரு நெல்டா, என்ன அவசரம்?" என்றாள். "இன்னும் ஒரு சரணம் இருக்கு. முழுசாக் கேட்டுட்டுப் போவோம்."